துவர்ப்புக்கு ஒரு துணை: கண்டி மேசையின் வரலாறு

ஆங்கிலப் பத்திரிகைகளின் வார இறுதி இணைப்புகளில் ஒரு விடயம் அவ்வப்போது தலைகாட்டும். எந்த வைனுக்கு எந்தப் பாற்கட்டி பொருந்தும் என்பதே அது. கனமான சிவப்பு வைனுக்கு நன்கு முதிர்ந்த கெட்டிப் பாற்கட்டி வேண்டும். இளகிய பாற்கட்டிக்கு வெள்ளை வைன் நல்லது. நீலப் பூஞ்சணம் படர்ந்த உப்புப் பாற்கட்டிக்கு இனிப்பு வைன் உகந்தது என்றெல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகை அலுவலகங்களில் காலம் கழித்த நான் இத்தகைய பக்கங்கள் பலவற்றைப் புரட்டியிருக்கிறேன். தமிழ் வாசகர் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் நிற்பதில்லை. வைனும் பாற்கட்டியும் நம் வீட்டுப் பண்டங்கள் அல்ல என்பதே காரணம்.

ஆயினும் அந்தப் பக்கங்களுக்குள் நமக்கும் உரிய ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு பானத்தையும் ஓர் உணவையும் சேர்த்து வைப்பது எது? நாவின் சுவையா, அல்லது யாருக்கு எது கிடைக்க வேண்டும் என்று தீர்மானித்த வரலாறா? கண்டி நகரையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் முன்வைத்து இக்கேள்வியைச் சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் நாவின் கதை. சிவப்பு வைனைக் கனமானதாக்கும் பொருள்களுள் முக்கியமானது தனின். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும், வைனை முதிர வைக்கும் ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் அது வருகிறது. நம் முன்னோர் அறுசுவையுள் ஒன்றாக எண்ணிய துவர்ப்பு இதுதான். தனின் நம் உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு பிணைந்துகொள்ளும். அதனால் உமிழ்நீரின் வழுவழுப்புக் குறைந்து, நாவும் கன்னத்தின் உட்புறமும் காய்ந்து இறுகியதுபோல் தோன்றும். பாக்கைக் கடித்தவருக்கும் பழுக்காத வாழைப்பழத்தைத் தின்றவருக்கும் இந்த உணர்வை விளக்க வேண்டியதில்லை.

இப்போது பாற்கட்டியைக் கடித்தால் என்ன நிகழும்? பாலிலுள்ள கேசின் என்ற புரதமும் கொழுப்பும் அந்தத் தனினை ஏற்றுக்கொள்கின்றன. உப்பு கசப்பை மட்டுப்படுத்துகிறது. வைன் மென்மையானதாகத் தோன்றுகிறது. இணைப்பின் இரகசியம் இவ்வளவே.

வைன் வணிகர்களிடையே ஒரு பழைய வழக்கம் பேசப்படுவதுண்டு. வாங்கும்போது ஆப்பிளைக் கடித்துக்கொண்டு சுவைத்துப் பார்க்க வேண்டும். விற்கும்போது பாற்கட்டி கொடுத்துச் சுவைக்கச் செய்ய வேண்டும் என்பார்கள். ஆப்பிள் வைனின் குறையைக் காட்டிக் கொடுத்துவிடும்; பாற்கட்டி மறைத்துவிடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெர்னிஸ் மாட்ரிகல்-கலான், ஹில்டகார்ட் ஹேமன் ஆகிய இருவரும் எட்டுச் சிவப்பு வைன்களையும் எட்டுப் பாற்கட்டிகளையும் வைத்துச் செய்த ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. பாற்கட்டிக்குப் பிறகு வைனின் துவர்ப்பும் ஏனைய பல சுவை மணங்களும் குறைந்தே உணரப்பட்டன என்பது அதன் முடிவு. அதாவது, நல்ல இணை என்று புகழப்படுவதில் ஒரு பகுதி மறைப்பே. இந்தச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இது தேவைப்படும்.

இனிக் கண்டிக்கு வருவோம்.

1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்தவர் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். சிறை என்றால் கம்பிக்கூடு அல்ல. கிராமங்களில் வாழ விடப்பட்டார். தொப்பி பின்னியும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தார். 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல், இரண்டாம் இராஜசிங்கன் காலத்துக் கண்டி மக்களின் அடுப்படி வரை நம்மை அழைத்துச் செல்கிறது.

அந்நூலில் இரு குறிப்புகள் நமக்கு முக்கியமானவை. முதலாவது, கண்டி மக்கள் உணவோடு அருந்துவது தண்ணீர் மட்டுமே என்பது. சாராயம் குடிப்பவர்கள்கூட அதை உணவுக்கு முன்னரே குடித்துவிடுவார்களாம். வெறும் வயிற்றில்தான் அது நன்றாக வேலை செய்யும் என்பதற்காக. குடிவெறியை அம்மக்கள் பெரிதும் வெறுத்தனர் என்றும் அவர் எழுதுகிறார். ஐரோப்பியர் மேசையில் வைன் சோற்றுக்குக் குழம்புபோல உணவின் ஒரு பகுதி. கண்டியிலோ மதுவும் உணவும் ஒரே இலையில் சந்திக்கவில்லை. போதைக்கு அருந்துவது வேறு, பசிக்கு உண்பது வேறு என்ற பிரிவினை அன்றே இருந்திருக்கிறது.

இரண்டாவது குறிப்பு கித்துள் மரத்தைப் பற்றியது. தமிழில் இதனைக் கூந்தற்பனை என்பர். நேராக உயர்ந்து வளரும் அம்மரத்தின் பாளையிலிருந்து இறக்கும் தெலிஜ்ஜ என்ற இனிய நீரை நொக்ஸ் வியந்து பாராட்டுகிறார். ஒரு மரம் நாளொன்றுக்கு மூன்று, நான்கு கலன் வரை தரும் என்றும், அதைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வர் என்றும் கூறுகிறார்.

திராட்சைச் சாற்றுக்கும் கித்துள் நீருக்கும் உள்ள உறவை இங்கே கவனிக்க வேண்டும். இரண்டும் சர்க்கரை நிறைந்தவை. இரண்டையும் காற்றிலுள்ள நொதியம் தேடி வரும். திராட்சைச் சாற்றை நொதிக்க விட்டுப் பல மாதம் காத்திருந்தால் வைன். கித்துள் நீர் அவ்வளவு பொறுமை காட்டாது. காலையில் இறக்கியதை அப்படியே விட்டால் மாலைக்குள் கள்ளாகிவிடும். கண்டிக் கிராமத்தான் இங்கே ஐரோப்பியனுக்கு எதிர்த்திசையில் நடந்தான். பாளையின் அடியில் ஹல் மரப்பட்டையைச் சட்டியிலிட்டுக் கட்டினான். பட்டையின் துவர்ப்புச் சத்து நொதித்தலைத் தாமதப்படுத்தும். இறக்கியவுடன் அடுப்பிலேற்றினான். ஆறு முதல் எட்டு லீற்றர் நீர் வற்றி ஒரு லீற்றர் பாணியாகும். மேலும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி.

இந்தப் பாணி எதனோடு சேர்ந்தது? எருமைத் தயிரோடு. பசுப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு அளவில் இருக்க, எருமைப்பாலில் ஏழு, எட்டு வரை இருக்கும். மண்சட்டியில் உறையவிட்டால் சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்சிக்கொள்ள, தயிர் கரண்டியில் வெட்டி எடுக்கும் பதத்துக்கு இறுகும். கிழக்கின் தாழ்நிலங்களில் எருமை மந்தைகள் மேய்ந்தன. மலைச்சாரலின் ஈரக் காடுகளில் கித்துள் வளர்ந்தது. இரண்டும் சந்தித்த இடங்களுள் கண்டியும் ஒன்று. இன்றும் மட்டக்களப்புத் தயிரையும் மலைநாட்டுப் பாணியையும் ஒன்றாக வைத்துப் பேசாத இலங்கையர் குறைவு.

ஆக, ஐரோப்பாவில் நொதித்த பாலும் நொதித்த பழச்சாறும் மேசையில் சேர்ந்தன. கண்டியில் நொதித்த பாலோடு சேர்ந்தது, நொதிக்காமல் காப்பாற்றப்பட்ட மரச்சாறு. தயிரின் புளிப்பை இனிப்பு தாங்குகிறது. பாணியிலுள்ள மெல்லிய புகைமணத்தையும் கைப்பையும் தயிரின் கொழுப்பு வாங்கிக்கொள்கிறது. கலை ஒன்றே; வழி வேறு. அந்தக் கலைக்கு ஓர் அரசியலும் இருந்தது. அரண்மனைக்குக் கருப்பட்டியும் பாணியும் வழங்குவதை இராஜகாரியக் கடமையாகச் சுமந்த பரம்பரையினர் இருந்தனர். மரமேறியவன் முதலில் மன்னனின் மடைப்பள்ளியை நிறைத்துவிட்டே தன் வீட்டை நினைக்க வேண்டும். கோல்புறூக் சீர்திருத்தங்களின் வழியே 1830களின் தொடக்கத்தில்தான் இராஜகாரியம் ஒழிந்தது.

அப்படியாயின் வைன் கண்டிக்குள் நுழையவே இல்லையா? நுழைந்தது, ஆனால் அதற்குரிய இடம் உணவு மேசை அன்று. கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் 1692இல் கண்டிக்கு வந்தார். ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டு, பின்னர் மன்னரின் மதிப்பைப் பெற்று, 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரியில் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை நாம் அறிவோம். திராட்சை இரசமின்றிக் கத்தோலிக்கப் பூசை இல்லை. அந்தச் சிறு சமூகத்துக்கு வைன் ஒரு சமயப் பொருள். அதைச் சுவைத்து ஒப்பிட எவரும் பாற்கட்டி தேடியிருக்க மாட்டார்கள்.

பாற்கட்டி வந்த வழி கரையோரம். சிங்களத்தில் அதற்குக் கேஜு என்று பெயர். போர்த்துக்கேயச் சொல்லின் எச்சம். நமது பாணும், விசுக்கோத்தும், கதிரையும், அலுமாரியும் வந்த அதே கப்பல்தான். ஒல்லாந்தர் தங்கள் பங்குக்கு எடம் பாற்கட்டியைக் கொண்டுவந்தனர். உருண்டையாக, சிவப்பு மெழுகு பூசப்பட்டு, நீண்ட கடற்பயணத்தைத் தாங்கக்கூடிய பாற்கட்டி அது. அவர்கள் வழிவந்த பறங்கியர் வீடுகளில் நத்தார் காலை உணவாக புறூடர் என்ற முந்திரிவற்றல் ரொட்டியையும் எடம் பாற்கட்டித் துண்டுகளையும் சேர்த்துண்பது வழக்கமாயிற்று. கூடவே பால் வைன் என்ற ஒரு பானமும் உண்டு. பெயரில்தான் வைன், உண்மையில் சாராயம். சாராயத்தோடு பால், சீனி, எலுமிச்சை, வாசனைத் திரவியங்கள் சேர்த்துச் சில நாள் வைத்திருந்து வடித்தெடுப்பார்கள். திரிந்த பால் சாராயத்தின் காட்டத்தையும் துவர்ப்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த பானம் நிற்கும். பாற்கட்டி வாயில் செய்யும் வேலையை இங்கே பால் போத்தலிலேயே செய்துவிடுகிறது. இந்நாட்டில் வைனும் பாற்கட்டியும் பெற்ற புதுப்பிறவி என்றே இதைச் சொல்லலாம்.

1867இல் கொழும்பிலிருந்து புகையிரதம் கண்டியை எட்டியது. புகையிரதத்திலும், நீதிமன்றங்களிலும், நில அளவையிலும், மருத்துவமனைகளிலும் பணிபுரிந்த பறங்கியர் குடும்பங்கள் கண்டியில் வேரூன்றின. நத்தார் புறூடரும் அவர்களோடு மலையேறியது. பின்னாளில் அவர்களுள் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தனர்.

ஆனால் மலைநாட்டில் மதுவின் வரலாற்றைத் தீர்மானித்தது பறங்கியரின் நத்தார் மேசை அன்று, தவறணை. இச்சொல்லையும் நாம் ஐரோப்பியரிடமிருந்தே பெற்றோம். பொருளையும் அவர்களிடமிருந்தே பெற்றோம். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடுத்த பத்தாண்டுகளில் கொழும்பு–கண்டிப் பாதை வெட்டப்பட்டது. காப்பித் தோட்டங்கள் எழுந்தன. மன்னாரிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்தே வந்த தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் காடழித்தனர். அவர்களுக்குப் பின்னாலேயே கரையோரத் தென்னஞ் சாராயமும் மாட்டு வண்டிகளில் மலையேறியது.

ஒரு பகுதியில் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விடும். எடுத்தவர் குத்தகைக்காரர். கூடுதலாக விற்றால் கூடுதல் இலாபம். அரசுக்கும் குத்தகைக்காரருக்கும் ஒருங்கே பயன் தந்த ஏற்பாடு இது. கரையோரத்திலிருந்து வந்த சாராயக் குத்தகைக்காரர் சிலர் திரட்டிய பணமே பின்னர் தோட்டங்களாகவும், மாளிகைகளாகவும், பிள்ளைகளின் உயர்கல்வியாகவும் மாறி, இலங்கையின் புதிய செல்வந்த வர்க்கத்தை உருவாக்கியது என்பதைக் கலாநிதி குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டு வெளியான தமது ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

தவறணையில் மேசை இல்லை; உணவும் இல்லை. நின்றபடியே விழுங்கிவிட்டு வெளியேற வேண்டிய இடம் அது. வெறும் வயிற்றில் சாராயம் என்று நொக்ஸ் கண்ட பழைய பழக்கம், இரு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு வருமானத் திட்டமாகவே வளர்ந்துவிட்டது. துண்டுக் கடனிலும் கங்காணியின் முற்பணத்திலும் கட்டுண்டு கிடந்த தொழிலாளியின் கோப்பைக்கு அங்கே இணையாக வாய்த்தது கடன் ஒன்றுதான்.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னொரு கோட்டையும் கிழித்தது. அதை ஒட்டிப் புதிய கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்டபோது, 1904இல் தோன்றிய மதுவிலக்கு இயக்கம் மீண்டும் நாடெங்கும் பொங்கியது. 1915 மே மாத இறுதியில் கண்டியில் வெடித்த கலவரத்தைத் தொடர்ந்து பிரித்தானிய அரசு கைதுசெய்த சிங்களத் தலைவர்களுள் மதுவிலக்கு இயக்கத்தின் முன்னணியினரும் இருந்தனர். டி. எஸ். சேனநாயக்காவும் அவருடைய தமையன் எப். ஆர். சேனநாயக்காவும் அவர்களுள் அடங்குவர். இவற்றையெல்லாம் நம் பாடநூல்கள் கூறும். அவை அதிகம் கூறாதது கித்துள் மரத்தின் பாடு. பாணியும் கள்ளும் ஒரே நீரின் இரு நிலைகள். இடையே சில மணி நேரமும் ஒரு துண்டு மரப்பட்டையுமே உள்ளன. சட்டத்தின் கண்ணுக்கோ கள் மதுவரிக்குரிய பொருள். அதை இறக்க அனுமதி வேண்டியிருந்தது. பாணி காய்ச்சுவதற்காக வைத்த முட்டி வெயிலில் சற்றுப் புளித்துவிட்டால், அதே ஏழை சட்டத்தை மீறியவனாகிவிடும் நிலை இருந்தது. அறுபது, எழுபதடி உயரத்தில் உயிரைப் பணயம் வைக்கும் தொழில். கீழிறங்கினால் இந்த அச்சம். பிள்ளைகள் மரமேறப் பின்வாங்கியதில் வியப்பென்ன? இன்று சந்தையில் கித்துள் பாணி என்ற பெயரில் சீனிப்பாகு கலந்த போத்தல்கள் மலிந்திருப்பதற்கு வணிகரின் பேராசையோடு இந்தத் தொழில் தேய்ந்ததும் ஒரு காரணம்.

இப்போது கண்டியின் உண்மையான சிவப்புப் பானத்துக்கு வருவோம். அது தேநீர்.

புகையிரதம் கண்டியை எட்டிய அதே 1867இல்தான், ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நாட்டினார். கொழுந்தைத் தம் பங்களாவின் விறாந்தையில் வைத்துக் கையால் உருட்டிப் பதப்படுத்தினார் என்பர். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் காப்பியை அழிக்க, அந்த 19 ஏக்கர் ஒரு நாட்டின் பொருளாதாரமாக விரிந்தது. 1892இல் இறந்த டெய்லர் கண்டி மஹியாவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தலைமுறை தலைமுறையாகக் கண்டி நகரத்தைச் சுத்தமாக வைத்திருந்த தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பும் அதே மஹியாவையில்தான் உள்ளது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

வைன் சுவைஞர்களைப் போலவே தேயிலைச் சுவைஞர்களும் உறிஞ்சிச் சுழற்றித் துப்புவார்கள். கனம் என்ற சொல்லை அவர்களும் அதே பொருளில்தான் ஆள்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கும் 4,000 அடிக்கும் இடையே விளைவதை மத்திய மலைத் தேயிலை என்பர். கண்டித் தேயிலை அவ்வகையைச் சேர்ந்தது. நுவரெலியாத் தேநீர் மென்மைக்கும் நறுமணத்துக்கும் பெயர் பெற்றது. கண்டித் தேநீர் கனத்துக்கும் செம்பு நிறத்துக்கும் அழுத்தமான சாயத்துக்கும் பெயர் பெற்றது. ஆகவே, கனமான சிவப்பு வைனுக்கு இந்நாட்டில் ஒரு சகோதரன் இருக்குமானால் அது கண்டித் தேநீரே. துவர்ப்பும் ஏறத்தாழ ஒரே குடும்பம். திராட்சையில் உள்ளதுபோலத் தேயிலையிலும் பொலிபீனோல்கள் நிறைந்துள்ளன. சிங்களத்தில் கஹட்ட என்றால் துவர்ப்பு. பால் சேர்க்காத தேநீரையும் அதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். நம்மவர் அதனைச் சாயம் என்கிறார்கள்.

இந்தத் துவர்ப்புக்கு ஆங்கிலேயன் தேடிய துணை பால். பாலின் கேசின் தேநீரின் துவர்ப்பைப் பற்றிக்கொள்கிறது. பாற்கட்டி சிவப்பு வைனுக்குச் செய்யும் அதே பணி. பாற்கட்டியும் வைனும் எந்த விதியால் சேர்ந்தனவோ அதே விதியால்தான் பாலும் தேநீரும் சேர்ந்தன. எனவே வைன் அருந்தாத, பாற்கட்டியைக் கண்டிராத ஒருவர்கூட, காலையில் பால் தேநீர் குடிக்கும்போது அந்தக் கலையைத்தான் பயில்கிறார்.

ஆனால் அந்த இணை யாருக்குக் கிடைத்தது? கொழுந்து பறித்தவர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிய காலம் முதல் நல்ல தேயிலை கப்பலுக்கும், எஞ்சிய தூள் உள்ளூர்க்காரருக்கும் என்பதே பொதுவான வழக்கம். லயத்து அறையில் விடியற்காலை ஊற்றப்பட்டது அந்தத் தூளில் ஊறிய சாயத் தண்ணீர். பல தோட்டக் குடும்பங்கள் பசு வளர்த்தன, இன்றும் வளர்க்கின்றன. விடியுமுன் கறந்த பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, தாம் வெறும் தேநீரோடு மலையேறும் பெண்களை இப்பகுதியில் செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில் பலமுறை கண்டிருக்கிறேன். பால் காசாகும், அந்தக் காசு பிள்ளையின் கொப்பியாகும். 1954இல் பால் சபை அமைந்ததும், கண்டிக்கு அண்மையில் திகனையிலும் மலையுச்சியில் அம்பேவலையிலும் பால் தொழிற்சாலைகள் இயங்குவதும் நல்ல காரியங்களே. ஆயினும் நாட்டின் தேநீர்க் கோப்பையை நிரப்பியது பெரும்பாலும் இறக்குமதியான பால்மா.

அந்தக் கோப்பை எவ்வளவு பலவீனமானது என்பதை 2022 காட்டியது. அந்நியச் செலாவணி வற்றியது. பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு மார்ச்சில் தேநீர்க் கடைகளில் ஒரு கோப்பைப் பால் தேநீரின் விலை 100 ரூபாவை எட்டியது. உலகுக்கே தேயிலை ஏற்றுமதி செய்யும் நாட்டின் குடிமக்கள் பால் தேநீர் குடிக்க யோசிக்க வேண்டியதாயிற்று. நகரத்து நடுத்தர வர்க்கத்தினர் பலர் அந்த மாதங்களில் வெறும் தேநீருக்கு மாறினர். தோட்ட மக்களுக்கு அது புதிய செய்தி அல்ல.

பால் இல்லாதபோது துவர்ப்புக்கு எது துணை? கருப்பட்டி. உள்ளங்கையில் ஒரு சிறு துண்டை வைத்துக்கொண்டு, அதைக் கடித்தபடி வெறும் தேநீரை உறிஞ்சுவது மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களின் பழைய வழக்கம். தோட்டத்துத் தமிழர் கையிலும் அது உண்டு. பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது, மாதக் கடைசியில் எங்கள் கைப்பணம் கரைந்த நாட்களில், சிங்கள நண்பர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கித்துள் கருப்பட்டியே எங்கள் தேநீரைக் காப்பாற்றியது. மொழி பற்றிய சண்டைகள் உச்சத்தில் இருந்த காலத்திலும் அந்தக் கருப்பட்டித் துண்டுகள் அறைக்கு அறை பயணம் செய்தன.

சுவையின் கணக்கிலும் இது ஏழையின் மாற்று ஏற்பாடு அன்று. பாலும் பாற்கட்டியும் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு அதோடு பல நுட்பங்களையும் மூடிவிடுகின்றன. வணிகர்கள் விற்கும்போது பாற்கட்டியைத் தேடியது அதனால்தான். தரம் குறைந்த தூளுக்குப் பால்மா தேவைப்பட்டதும் அதனால்தான். கருப்பட்டி துவர்ப்பை மூடுவதில்லை. இனிப்பால் கசப்பைச் சமன் செய்துவிட்டு விலகி நிற்கிறது. தேயிலையின் நிறமும் மணமும் அப்படியே நாவுக்கு வந்து சேர்கின்றன. கண்டித் தேயிலை நல்லதா இல்லையா என்று அறிய விரும்புபவர் அதைப் பாலோடு குடித்து அறிய முடியாது.

ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இன்று தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. டெய்லரின் பொருட்களும் பழைய இயந்திரங்களும் அங்கே காட்சிக்குள்ளன. வெளிநாட்டுப் பயணிகள் பார்த்துவிட்டு ஒரு கோப்பைத் தேநீரும் அருந்திச் செல்கிறார்கள். கண்டிக்கு வரும் அவர்களுக்கு வைனும் பாற்கட்டியும் வைத்து விருந்தளிப்பதில் தவறில்லை. அவரவர் பழக்கம் அவரவர்க்கு. ஆயினும் இந்த மண்ணுக்கென்று இரு இணைகள் இருக்கின்றன: எருமைத் தயிருக்குக் கித்துள் பாணி, கனமான தேநீருக்குக் கித்துள் கருப்பட்டி. போர்டோ வைனுக்கும் எடம் பாற்கட்டிக்கும் அந்நாட்டார் தரும் மதிப்பை இவற்றுக்கு நாம் தந்தோமா என்பதே என் கேள்வி. அவர்கள் தங்கள் வைனின் பெயரையும் பாற்கட்டியின் பெயரையும் சட்டத்தால் காத்தார்கள். கலப்படம் செய்தவனைத் தண்டித்தார்கள். நாமோ மரமேறியவனை மதுவரிச் சட்டத்தின் கண்ணால் பார்த்தோம். கொழுந்து பறித்தவளுக்குத் தூளைக் கொடுத்தோம்.

வாசகர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த முறை கண்டிப் பக்கம் வரும்போது, நல்ல மத்திய மலைத் தேயிலையைக் கொதிக்கும் நீரில் நான்கு நிமிடம் ஊறவிட்டு வடித்தெடுங்கள். பால் வேண்டாம், சீனியும் வேண்டாம். நம்பிக்கையான ஒரு கிராமத்து வீட்டில் வாங்கிய கித்துள் கருப்பட்டியில் சிறு துண்டைக் கடித்துக்கொண்டு அருந்துங்கள். விலை சற்றுக் கூடவே கேட்பார்கள்; பேரம் பேசாமல் கொடுங்கள். அந்த மரத்தின் உயரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் அது அதிக விலை அல்ல என்பது விளங்கும்.